லூசில் பாலுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். லூசில் பால் ஹாலிவுட் படங்களில் எடுபடாமல் போன நடிகை. தொலைக்காட்சி புதிதாக வந்த நேரம் பார்த்து 'ஐ லவ் லூசி' என்ற தொடர் ஓகோவென்று ஓடியதால் ஒரு ஸ்டுடியோவுக்கே முதலாளி ஆனார். மூன்று கேமரா வைத்துப் படம்பிடிக்கும் முறை, மறுஒளிபரப்பு, 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொடர் ஆகிய எல்லாவற்றுக்கும் அவரே காரணம் என்று இணையத்தில் எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அதிர்ஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் திறமையால் உயர்ந்தாரா என்பதைவிட, அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கும் சாதனைகளில் எவை உண்மையில் அவருடையவை என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது என்று நினைக்கிறேன்.

நான் படத்தொகுப்பாளன். பிலிமை வெட்டி ஒட்டிய காலத்தில் வேலை கற்று, பிறகு பல கேமராக்கள் ஒரே நேரத்தில் இயங்கும் ஸ்டுடியோ நிகழ்ச்சிகளில் நெடுங்காலம் இருந்தவன். மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது இந்தத் தொடரின் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆகவே அவருடைய தொழில் பற்றிப் பேச எனக்கு ஓரளவு தகுதி உண்டு. அவருடைய மணவாழ்க்கையில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. அதைத் தொழிலைத் தொடும் அளவுக்கு மட்டும் தொடுகிறேன்.

அவர் பிறந்தது 1911 ஆகஸ்ட் 6, நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள ஜேம்ஸ்டவுனில். தந்தை தொலைபேசிக் கம்பிகள் இழுக்கும் தொழிலாளி. லூசிலுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே அவர் டைபாய்டில் இறந்தார். தாயும் தாய்வழித் தாத்தா பிரெட் ஹன்ட்டும்தான் வளர்த்தார்கள். தாத்தா சோஷலிசக் கொள்கைக்காரர். பேரப்பிள்ளைகளை வாட்வில் எனப்படும், ஆடலும் பாடலும் நகைச்சுவையும் கலந்த மேடை நிகழ்ச்சிகளுக்கு அழைத்துப் போகும் வழக்கமும் அவருக்கு இருந்தது. அந்த இரண்டுமே பிற்பாடு லூசிலின் வாழ்க்கையில் வந்து நின்றன. 15 வயதில் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். அங்கே உடன் படித்தவர், பின்னாளில் பெரிய நட்சத்திரமான பெட்டி டேவிஸ். பெட்டி டேவிஸ் பள்ளியின் செல்லப்பிள்ளை. லூசில் கூச்சத்தில் வாயே திறக்கவில்லை. இந்தப் பெண்ணுக்குப் பணம் கட்டுவது வீண் என்று பள்ளியிலிருந்து தாய்க்குச் சொல்லி அனுப்பினார்கள். பிறகு ஆடை வடிவமைப்பாளர் ஹாட்டி கார்னகியிடம் மாடலாக வேலை பார்த்தார். நடுவில் மூட்டு நோய் தாக்கி நீண்ட காலம் ஊரோடு கிடந்தார். 1933இல் எடி கேன்டர் நடித்த ஓர் இசைப்படத்தில் கூட்டத்தோடு நிற்கும் அழகிகளில் ஒருத்தியாகக் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தார்.

இனி 'தோற்றுப்போன நடிகை' என்ற பேச்சு. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1933 முதல் 1950 வரை அவர் நடித்த படங்கள் ஐம்பதுக்கும் மேல். முதல் வரிசை நட்சத்திரமாக அவர் ஆகவில்லை என்பது உண்மை. இரண்டாம் தரப் படங்களின் ராணி என்று அவரைச் சொன்னதும் உண்மை. ஆனால் 1937இல் ஆர்கேஓ ஸ்டுடியோ தயாரித்த 'ஸ்டேஜ் டோர்' படத்தில் கேத்தரின் ஹெப்பர்ன், ஜிஞ்சர் ரோஜர்ஸ் இருவரும் பேசும் காட்சிகளில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் லூசிலைக் கவனியுங்கள். இரண்டே சொல்லில் வரும் அவருடைய கேலி, அடுத்தவர் வசனத்தின் வால் முடியும் இடத்தில் சரியாக வந்து விழும். 1942இல் ஹென்றி ஃபோண்டாவோடு நடித்த 'தி பிக் ஸ்ட்ரீட்' படத்தில் நடக்க முடியாமல் போன, சுயநலமும் திமிரும் பிடித்த பாடகி வேடம். பார்ப்பவர்களின் இரக்கத்தைக் கெஞ்சி வாங்காமல் கடைசி வரை அந்தப் பாத்திரத்தைக் கொண்டுபோகிறார். இதைச் செய்யத் தெரிந்தவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஸ்டுடியோக்களுக்கு அவரை எந்தச் சட்டகத்தில் வைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஆள் அழகு, ஆனால் சிரிக்க வைக்கிறார். சிரிக்க வைக்கிறார், ஆனால் கவர்ச்சி நடனப் பெண் வேடத்துக்கும் பொருந்துகிறார். அன்றைய ஸ்டுடியோ முறையில் இப்படிப்பட்டவருக்கு இடம் குறைவு. எம்ஜிஎம் ஸ்டுடியோ அவரை 1942இல் எடுத்துக்கொண்டு, டெக்னிகலர் வண்ணப் படங்களுக்காகத் தலைமுடியைத் தீச்சிவப்பாக மாற்றியது. அந்த முடிதான் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. ஆனால் 'ஐ லவ் லூசி' கறுப்பு வெள்ளை. அந்தச் சிவப்பை வீட்டில் உட்கார்ந்து பார்த்த யாருமே அப்போது பார்க்கவில்லை.

எம்ஜிஎம் நாட்களில் அவருக்கு நல்ல வேடங்கள் அதிகம் கிடைக்கவில்லை. கிடைத்தது பஸ்டர் கீட்டனின் பழக்கம். மௌனப் பட யுகத்தின் அந்த மாபெரும் கலைஞர் அப்போது அதே ஸ்டுடியோவில் மற்றவர் படங்களுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் யோசித்துக் கொடுக்கும் சம்பளக்காரராக இருந்தார். லூசிலிடம் இருப்பதை அடையாளம் கண்டுகொண்டவர்களில் அவர் முக்கியமானவர். கையில் எடுக்கும் ஒரு பொருளை, அது தொப்பியோ நாற்காலியோ, எத்தனை விதமாகப் பழகிப் பார்க்க வேண்டும் என்பதை அவரிடம் லூசில் கற்றார். பொருளைக் கையாளும் இந்தச் சிரத்தை கடைசி வரை அவரை விடவில்லை. ஒத்திகையில் உண்மையான பொருள் வராவிட்டால் அவருக்குக் கோபம் வரும் என்பதை உடன் வேலை செய்த பலரும் பதிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்த பள்ளி வானொலி. 1948 முதல் 1951 வரை சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் வானொலியில் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற நகைச்சுவைத் தொடரில் மனைவியாக நடித்தார். இங்கேதான் எழுத்தாளர்கள் மேடலின் பியூ, பாப் கேரல் ஜூனியர், தலைமை எழுத்தாளரும் தயாரிப்பாளருமான ஜெஸ் ஓப்பன்ஹைமர் ஆகியோரோடு கூட்டு அமைந்தது. ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் எதிரே உட்கார்ந்திருக்க நடிக்கும் அனுபவமும் இங்கேதான். எதிரே ஆட்கள் இருந்தால் லூசிலின் நேரக்கணிப்பு வேறு தரத்துக்குப் போகிறது என்பதை அந்த மூவரும் கண்டார்கள். பின்னால் வந்த தொலைக்காட்சித் தொடரைப் பார்வையாளர்கள் முன்னால்தான் எடுக்க வேண்டும் என்று முடிவானதற்கு இந்த அனுபவம் காரணம்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். வானொலித் தொடரைத் தொலைக்காட்சிக்கு மாற்றலாம் என்று சிபிஎஸ் கேட்டபோது லூசில் இரண்டு பிடிவாதங்கள் பிடித்தார். முதலாவது, கணவராகத் தன் உண்மையான கணவர் டெசி ஆர்னாஸ்தான் நடிக்க வேண்டும். டெசி கியூபாவின் சான்டியாகோ நகரத்தவர். தந்தை அங்கே மேயராக இருந்தவர். 1933 புரட்சிக்குப் பிறகு குடும்பம் அமெரிக்காவுக்கு வந்தது. இசைக்குழுத் தலைவரான அவரை 1940இல் ஒரு படப்பிடிப்பில் சந்தித்து அந்த ஆண்டு நவம்பரிலேயே லூசில் மணந்தார். ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு ஸ்பானிய உச்சரிப்போடு பேசும் கணவன் என்றால் யார் நம்புவார்கள் என்று நிறுவனம் தயங்கியது. உண்மையிலேயே பத்து வருடமாக மணவாழ்க்கை நடத்தும் தம்பதியைப் பார்த்து எழுந்த கேள்வி இது! இருவரும் 1950இல் ஊர் ஊராக மேடை நிகழ்ச்சி நடத்தி, மக்கள் ஏற்றுக்கொள்கிறார்களா என்பதை நேரில் காட்டினார்கள். டெசி சுற்றுப்பயணங்களிலேயே காலம் கழிக்காமல் வீட்டோடு இருக்க வேண்டும் என்ற ஆசையும் லூசிலின் பிடிவாதத்துக்குப் பின்னால் இருந்தது. அதை அவரே சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, ஹாலிவுட்டை விட்டு நகர மாட்டேன் என்பது. இதன் தொழில்நுட்பப் பின்னணி தெரியாமல் மற்ற எதுவும் விளங்காது. அன்று பெரும்பாலான தொலைக்காட்சிப் பெட்டிகள் கிழக்கே, நியூயார்க் பக்கம் இருந்தன. நிகழ்ச்சிகள் நேரலையாகவே நடந்தன. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ஒளிபரப்பு இணைப்பே 1951 செப்டம்பரில்தான் வந்தது. அதுவரை ஒரு கரையில் நடந்த நிகழ்ச்சியை மறுகரைக்கு அனுப்ப ஒரே வழி கினெஸ்கோப். ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சித் திரைக்கு முன்னால் பிலிம் கேமராவை வைத்து எடுத்த பிரதி அது. மங்கலாக, சாம்பல் பூசியது போல இருக்கும். நான் பழைய கினெஸ்கோப் பிரதிகளை எடிட்டிங் அறையில் பார்த்திருக்கிறேன். நடிகரின் கண்ணில் என்ன ஓடுகிறது என்று அதில் தெரியாது. பெரும்பாலான பார்வையாளர்கள் இந்த மங்கல் பிரதியைப் பார்ப்பதை விளம்பரதாரரான பிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனம் ஏற்கவில்லை. நியூயார்க்குக்கு வந்து நேரலையாகச் செய்யுங்கள் என்றார்கள். இவர்கள் வர மறுத்தார்கள். அப்படியானால் சினிமா போல 35 மில்லிமீட்டர் பிலிமிலேயே எடுத்து, எல்லா ஊருக்கும் தெளிவான பிரதி அனுப்புகிறோம் என்பது மாற்றுயோசனை. செலவு கூடும். அதை ஈடுகட்ட, தம்பதியர் தங்கள் வாரச் சம்பளத்தில் 1000 டாலரைக் குறைத்துக்கொண்டார்கள். அதற்குப் பதிலாகப் படங்களின் உரிமை முழுவதும் தங்கள் டெசிலு நிறுவனத்துக்கே வேண்டும் என்று டெசி கேட்டார். ஒளிபரப்பி முடித்த நிகழ்ச்சி நேற்றைய நாளிதழுக்குச் சமம் என்று எல்லோரும் நினைத்த காலம். சிபிஎஸ் கொடுத்துவிட்டது.

அதிர்ஷ்டம் எங்கே என்று கேட்டீர்களே, ஏதாவது உண்டென்றால் இங்கேதான். அந்த உரிமை பின்னால் எவ்வளவு பெறும் என்று அன்று யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. ஆனால் கேட்டு வாங்கியது அதிர்ஷ்டம் அல்ல. கேட்டவர் டெசி என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். லூசிலைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறவர்கள் பலர் டெசியைக் குடிகாரக் கணவராக மட்டும் ஒரு வரியில் கடந்து போகிறார்கள். குடியும் வேறு பெண்களோடு தொடர்பும் உண்மைதான். மணமுறிவுக்கும் அவையே காரணம். ஆனால் டெசிலு என்ற நிறுவனத்தை ஆரம்ப ஆண்டுகளில் நடத்தியது அவருடைய மூளை.

மூன்று கேமரா முறையை லூசில் கண்டுபிடித்தார் என்பது தவறு. பல பிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓட்டிப் படம்பிடிக்கும் முயற்சிகள் அதற்கு முன்பே நடந்திருக்கின்றன. அப்படி ஒரு நிகழ்ச்சியில் வேலை செய்த ஆல் சைமனை டெசிலு அழைத்துக்கொண்டது. இந்தத் தொடரின் சாதனை, தனித்தனியாக இருந்த பலவற்றை ஒன்றாக இணைத்து வாரந்தோறும் தவறாமல் செய்து காட்டியது: சினிமாத் தரமான பிலிம், மூன்று கேமரா, எதிரே சுமார் 300 பார்வையாளர்கள், மேடை நாடகம் போலத் தொடர்ந்து ஓடும் நடிப்பு. இதைச் சாத்தியமாக்கியவர் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்தை எடுத்தவர்களில் ஒருவர். ஹாலிவுட்டில் ஆஸ்கர் வென்றவர். சினிமாவில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்குகளை மாற்றி வைப்போம். மூன்று கேமரா ஒரே நேரத்தில் தூரக் காட்சி, நடுக் காட்சி, நெருக்கக் காட்சி எல்லாம் எடுத்தால் விளக்கை எங்கே வைப்பது? தரையில் விளக்கு இருந்தால் கேமரா நகர முடியாது, பார்வையாளருக்கும் மறைக்கும். ஃப்ராய்ண்ட் விளக்குகளை மேலே தொங்கவிட்டு, அரங்கு முழுவதும் சமமாகப் பரவும் ஒளியை அமைத்தார். கறுப்பும் வெள்ளையும் வீட்டுத் திரையில் அதிகம் முட்டிக்கொள்ளாமலிருக்க, அரங்கச் சுவர்களுக்குச் சாம்பல் நிறத்தின் பல அடர்த்திகளில் வண்ணம் அடிக்கச் சொன்னார். உலகின் மிகச் சிறந்த நிழல்களை உருவாக்கிய கலைஞர், நிழலே விழாத ஒளியமைப்புக்காக மூளையைக் கசக்கியிருக்கிறார்.

என் துறைக்கு வந்தால், முதல் தொகுப்பாளர்களில் முக்கியமானவர் டான் கான். மூவியோலா என்பது பிலிமை ஓட்டிப் பார்த்துத் தொகுக்கும் இயந்திரம். சாதாரண மூவியோலாவில் ஒரு படச்சுருள்தான் ஓடும். மூன்று கேமராவின் படத்தையும் ஒலியையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்க ஒரு தனி மூவியோலாவைத் தருவித்தார்கள். மூன்று தலை அரக்கன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இதன் பயன் என்னவென்று தொகுப்பு வேலை செய்தவர்களுக்கு உடனே தெரியும். தனித்தனி டேக்குகளில் எடுத்த நகைச்சுவைக் காட்சியில், நடிகர் முகம் சுளிப்பதும் எதிரே இருப்பவர் அதைப் பார்த்துத் திடுக்கிடுவதும் வெவ்வேறு நேரத்தில் நடந்தவை. இடைவெளியை நாங்கள் கத்திரிக்கோலால் உண்டாக்குகிறோம். மூன்று கேமராவில் இரண்டும் ஒரே நொடியில் நடந்தவை. இடைவெளி நடிகர்களுடையது, பார்வையாளரின் சிரிப்பு அடங்கும் வரை லூசில் எவ்வளவு காத்திருந்தாரோ அவ்வளவு அப்படியே படத்தில் இருக்கிறது.

ஒரு காட்சியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1952 மே மாதம் ஒளிபரப்பான எபிசோடில் லூசி (தொடரில் லூசில் நடித்த பாத்திரம்) ஒரு சத்து டானிக்குக்கு விளம்பரப் பெண்ணாக நடிக்கிறாள். டானிக்கில் 23 சதவீதம் ஆல்கஹால். அவளுக்கு அது தெரியாது. ஒரே விளம்பரப் பேச்சை ஒத்திகைக்காகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி குடிக்க வேண்டும். முதல் தடவை சுவை தாங்காமல் முகம் கோணுகிறது. ஆனால் வாய், எவ்வளவு ருசி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த முகம் சுளிப்பிலிருந்து சிரிப்புக்கு அவர் வந்து சேரும் வழியில் எத்தனை கட்டங்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அடுத்தடுத்த தடவைகளில் போதை ஒவ்வொரு படியாகத்தான் ஏறுகிறது. சொல் குழறுவதற்கு முன்னால் தோள் தளர்கிறது. பிறகு டானிக்கின் நீண்ட பெயர் நாக்கில் சிக்குகிறது. பிறகு கரண்டியில் ஊற்றும் கை தடுமாறுகிறது. கடைசியில் கரண்டியே வேண்டாம் என்று புட்டியோடு போய்விடுகிறாள். சாதாரண நடிகர் இரண்டாவது தடவையிலேயே முழுப் போதைக்குப் போய்விடுவார். அதன் பிறகு ஏறுவதற்கு இடம் இருக்காது. லூசில் ஒவ்வொரு படியையும் சேமித்து வைத்துச் செலவழிக்கிறார்.

இதெல்லாம் அந்த நேரத்தில் தானாக வந்தது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. எழுத்தாளர்கள் உடல் அசைவுகளைப் பெரிய எழுத்துகளில், ஒவ்வொரு அசைவும் தனித்தனியாக, தட்டச்சு செய்து கொடுத்தார்கள். செய்ய முடியுமா என்று சில சேட்டைகளை மேடலின் பியூ தானே முதலில் செய்து பார்ப்பார். பிறகு பல நாள் ஒத்திகை. வார இறுதியில் ஒரே மாலையில் பார்வையாளர்கள் முன் படப்பிடிப்பு. அந்த மாலையில் லூசில் புதிதாகச் சேர்த்தது மிகக் குறைவு. பக்கத்து வீட்டுத் தம்பதியாக நடித்த விவியன் வான்ஸ், வில்லியம் ஃபிராலி இருவரையும் மறக்கக் கூடாது. குறிப்பாக வான்ஸ் எதிரே நின்று, நம்பிக்கையில்லாத கண்ணோடு பார்க்காவிட்டால் லூசியின் திட்டங்களில் பாதி சிரிப்பு வராது.

தொடர் 1951 அக்டோபர் 15 திங்கட்கிழமை தொடங்கி 1957 மே வரை ஓடியது. ஆறு பருவங்களில் நான்கில் நாட்டின் முதல் இடம் அதற்குத்தான். 1952இல் லூசில் இரண்டாவது குழந்தையைக் கருவுற்றபோது, மறைத்துவிடலாமா, நிறுத்திவிடலாமா என்று நிறுவனமும் விளம்பரதாரரும் யோசித்தார்கள். கதையிலேயே சேர்ப்பது என்று முடிவெடுத்து, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத குரு மூவரிடமும் திரைக்கதையைக் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். திரையில் குழந்தை பிறந்தது 1953 ஜனவரி 19. அதே நாளில் லூசிலுக்கு அறுவை சிகிச்சை மூலம் மகன் பிறந்தான். நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்ததால் இது தற்செயல் அல்ல. சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம். தொலைக்காட்சியில் வந்த முதல் கர்ப்பம் இது என்று சொல்வது மட்டும் சரியல்ல. 1940களின் இறுதியில் ஒளிபரப்பான 'மேரி கே அண்ட் ஜானி' என்ற சிறு தொடரில் அது நடந்துவிட்டது.

அதே 1953 செப்டம்பரில் தாத்தாவின் அரசியல் அவர் வாசலுக்கு வந்தது. 1936இல் கம்யூனிஸ்ட் கட்சி வாக்காளராக அவர் பதிவு செய்திருந்தது வெளியானது. அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரித்த நாடாளுமன்றக் குழுவினரிடம், தாத்தாவைத் திருப்திப்படுத்தச் செய்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தார். இதைவிடக் குறைந்த காரணத்துக்குத் தொழிலை இழந்தவர்கள் அன்று ஏராளம். செய்தி பத்திரிகைகளில் வெடித்த நாளே படப்பிடிப்பு நாள். டெசி பார்வையாளர் முன் வந்து, லூசியிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி மட்டும்தான், அதுவும் அசல் இல்லை என்றார். கூட்டம் கைதட்டியது, பிழைத்தார்கள். குழுவும் அவரை விட்டுவிட்டது. இதை அவருடைய துணிவு என்று புகழ்கிறவர்கள் உண்டு. விளம்பரதாரருக்கும் சிபிஎஸ்ஸுக்கும் அவரை இழக்க மனமில்லை என்பதும் சம அளவு காரணம் என்றே நான் நினைக்கிறேன். இது என் கணிப்புதான்.

மறுஒளிபரப்புக்கும் இதே அளவோடு பதில் சொல்லலாம். ஒரு நிகழ்ச்சியைத் திரும்பப் போடுவதை யாரும் இவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஆனால் தெளிவான பிலிம் கையில் இருந்ததாலும், உரிமை தங்களிடமே இருந்ததாலும், பழைய எபிசோடுகள் மறுபடியும் காசு தரும் சொத்து என்பதை நாடே காணும்படி நிரூபித்தது இவர்கள்தான். பிரசவ ஓய்வு வாரங்களில் பழையதைப் போட்டார்கள். மக்கள் மறுபடி பார்த்தார்கள். பிறகு அந்த எபிசோடுகளின் உரிமையை சிபிஎஸ்ஸுக்கே சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்றார்கள். கொடுத்ததையே திருப்பி வாங்க அந்த நிறுவனம் கொடுத்த விலை அது. அதன் பிறகு 1957இன் இறுதியில், ஒரு காலத்தில் லூசில் சம்பளத்துக்கு இருந்த ஆர்கேஓ ஸ்டுடியோவையே 60 லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுத்து டெசிலு வாங்கியது.

1960இல் மணமுறிவு. 1962 நவம்பரில் டெசியின் பங்கை 25 லட்சம் டாலருக்கு வாங்கி லூசில் நிறுவனத் தலைவரானார். பெரிய தொலைக்காட்சி ஸ்டுடியோ ஒன்றைத் தலைமையேற்று நடத்திய முதல் பெண் அவர். அந்த வேலையை அவர் விரும்பிச் செய்யவில்லை. காலையில் கணக்குப் புத்தகம், மாலையில் தன் புதிய தொடருக்கான ஒத்திகை என்று இரட்டைச் சுமை. ஆனாலும் 1967, 1968 ஆண்டுகளில் நடிப்புக்காக அடுத்தடுத்து எம்மி விருதுகள் வாங்கினார். 'ஸ்டார் டிரெக்' இந்தக் காலத்தில் வந்தது. உறுதியானது இவ்வளவு: அதை டெசிலு தயாரித்தது, முதல் மாதிரி எபிசோடை என்பிசி தொலைக்காட்சி நிறுவனம் நிராகரித்து, அபூர்வமாக இரண்டாவது வாய்ப்பு கொடுத்தது, இவ்வளவு செலவுள்ள தொடர் நிறுவனத்தை மூழ்கடித்துவிடும் என்று டெசிலுவின் நிர்வாகக் குழுவில் எதிர்ப்பு இருந்தது, தலைவர் என்ற முறையில் லூசில் அதை மீறி அனுமதித்தார். 'மிஷன்: இம்பாசிபிள்' தொடருக்கும் அப்படியே. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அவை அந்த ஸ்டுடியோவில் நடந்திருக்காது. ஆனால் அவற்றை உருவாக்கியவர் அவர் அல்ல. 'ஸ்டார் டிரெக்' ஜீன் ராடன்பெரியின் கற்பனை. அதை நிறுவனத்துக்குள் வளர்த்தெடுத்தவர் அதிகாரி ஹெர்ப் சோலோ. விண்வெளிக் கதை என்பதே தெரியாமல் லூசில் அனுமதி கொடுத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அதைக் காது வழிச் செய்தி என்ற அளவில் வையுங்கள். தன் பல்லில் அடைத்த ஈயத்தில் வானொலி ஒலி கேட்டு ஜப்பானிய ஒற்றர்கள் பிடிபட்டார்கள் என்று அவரே பேட்டியில் சொன்ன கதையையும் அதே பெட்டியில் போடுங்கள். 1967இல் நிறுவனத்தை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற பெருநிறுவனம் வாங்கி, மதில் சுவருக்கு அடுத்த பக்கம் இருந்த பாரமவுன்ட் ஸ்டுடியோவோடு இணைத்தது.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதில் கற்க அதிகம் இல்லை. மேலும் இரண்டு தொடர்கள் 1974 வரை ஓடின. அதே ஆண்டு வந்த 'மேம்' என்ற இசைப்படத்தை விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். 1986இல், 75 வயதில், 'லைஃப் வித் லூசி' என்று மறுபடி வந்தார். 13 எபிசோடுகள் எடுத்தார்கள். 8 மட்டுமே ஒளிபரப்பானது. அந்த வயதில் ஏணியில் ஏறி விழும் சேட்டையைச் செய்யும்போது, பார்ப்பவர்கள் சிரிக்காமல் அவருக்காகப் பயந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் டெசி இறந்த சில நாட்களில் கென்னடி மையத்தின் கௌரவ விருது லூசிலுக்குக் கிடைத்தது. டெசி எழுதிவைத்திருந்த பாராட்டுரையை நடிகர் ராபர்ட் ஸ்டாக் மேடையில் வாசித்தார். 1989 ஏப்ரல் 26 அன்று, இதயப் பெருந்தமனி பாதிப்புக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட எட்டாம் நாள், தன் 77ஆம் வயதில் காலமானார்.

இனி நீங்கள் பார்க்கத் தொடங்குவதானால் முதலில் அந்த டானிக் எபிசோடு. அடுத்து, 1952 செப்டம்பரில் வந்த சாக்லேட் தொழிற்சாலை எபிசோடு; அதில் நகரும் பட்டை வேகம் பிடிக்கும் காட்சியில் லூசிலையும் வான்ஸையும் ஒரே சட்டகத்தில் எவ்வளவு நேரம் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். மூன்றாவதாகத் தொலைக்காட்சியை விட்டு 1940க்குப் போய், டொரோத்தி ஆர்ஸ்னர் இயக்கிய 'டான்ஸ், கேர்ள், டான்ஸ்' பாருங்கள். கவர்ச்சி நடனக்காரியாக லூசில் மேடையில் கூட்டத்தை ஆட்டிவைக்கும் காட்சிகள் அதில் இருக்கின்றன. சினிமாவில் அவர் தோற்றாரா என்பதை அதற்குப் பிறகு நீங்களே எனக்குச் சொல்லுங்கள்.